நான்காய் மடித்த சீட்டு

அன்று அந்தக் கொட்டகையில் இருந்தவர்கள் இவர்கள்.

இன்ஸ்பெக்டர். அவருடைய டவாலிச் சேவகர். பள்ளிக்கூடத்து மேனேஜர், மரக்கடை முதலாளியும் அவர்தான். அவருடைய கணக்குப்பிள்ளை. டீச்சர்.

பிள்ளைகளில் வண்டிக்காரர் மகன் சுடலை. பூக்கட்டுகிற வீட்டுச் செண்பகம். தறிக்காரத் தெருவிலிருந்து மைதீன், அவன் தங்கை பாத்து. குத்தாலம். பேச்சி. இரட்டைப் பிள்ளைகள் ராமன், லட்சுமணன். தச்சர் வீட்டு மாரி. ஆவுடை. நான்.

இவர்கள் போக வேறு பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். அதன் பிறகு சாதிக்காய்த் தோட்டம். பழம் பொறுக்கி, பத்திரி உரித்து, காயவைத்து, அதிலேயே வயசு போயிற்று. நீளமாக எழுத வராது. டீச்சரும் நீளமாக எழுதினால் விரும்பமாட்டார்.

பள்ளிக்கூடம் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், மரக்கடைக்குப் பின்னால் இருந்தது. மேலே ஓடு, மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் தட்டி. சுவருக்கு அந்தப் பக்கம் வாள் பட்டறை. என் அப்பா அங்கே மரம் அறுத்தார். பாடம் நடக்கும்போது அவர் வாள் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். நாங்கள் பலகைகள் மேல் உட்காருவோம். விற்பனைக்கு உள்ள பலகைகள். ஆள் வந்து விலை பேசி முடித்தால் எழுந்து தரையில் உட்கார வேண்டும். இப்போது அந்தக் கொட்டகையில் பிள்ளைகள் இல்லை, தேக்குதான் இருக்கிறது.

டீச்சர் செங்கோட்டைப் பக்கத்துக்காரர். அப்போது அது திருவாங்கூர் ராஜ்யம். ஒல்லியான உடம்பு, நீளமான கை. ஒரு கம்பி ஒடிந்த கறுப்புக் குடை வைத்திருந்தார். சாரல் காலத்தில் அந்த ஒடிந்த பக்கம் வழியாகத் தோள் நனைந்துதான் வருவார். போதும் என்பதற்கு "மதி" என்பார். அது அவர் ஊர்ப் பேச்சு. சுடலை அவருக்கு "மதி டீச்சர்" என்று பேர் வைத்தான். அது அவர் காதில் விழுந்தது. "நல்ல பேருதான். சின்னதா இருக்கு" என்றார்.

இரண்டு வருஷம் அவரிடம் படித்தேன். அவர் சத்தம் போட்டுப் பார்த்ததில்லை. பிரம்பும் கிடையாது. ஆனாலும் அவரிடம் எல்லோருக்கும் பயம் இருந்தது. எழுதினதைக் காட்டினால், "கண்டியா?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்குத்தான் பயம்.

ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. தினமும் மத்தியானம் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பார். மரக்கடை பழைய பில்லின் முதுகுப் பக்கம். அதில் அன்று கண்ணால் கண்ட ஒன்றை ஒரே வரியில் எழுத வேண்டும். கேட்டது கூடாது. நினைத்தது கூடாது. பேர் போடக் கூடாது. மடித்து டப்பாவில் போட வேண்டும். ஒரு பிள்ளை ஒவ்வொன்றாக எடுத்து வாசிக்கும். மற்றவர்கள் எழுதினது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தவருக்கு ஒரு புளியங்கொட்டை. சனிக்கிழமை யாரிடம் அதிகம் இருக்கிறதோ அவர்தான் அடுத்த வாரம் வாசிப்பவர்.

டீச்சரும் ஒரு சீட்டு போடுவார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. நாங்கள் இரண்டாய் மடிப்போம். அவர் நான்காய் மடிப்பார்.

ஆரம்பத்தில் நாங்கள் புளுகினோம். சுடலை ஒரு தடவை, "ஐந்தருவிப் பாதையில் கரடி பார்த்தேன்" என்று எழுதினான். வாசித்ததும் எல்லோரும் அவன் பேரைச் சொல்லிவிட்டோம்.

"கண்டியா?"

"கண்டேன் டீச்சர்."

"எந்தப் பக்கம் முகம் வச்சிருந்தது?"

சுடலை கொஞ்சம் யோசித்தான். "நம்ம பக்கந்தான்."

டீச்சர் குடையை எடுத்தார். "வாங்க, பாப்போம்."

மழையில் எல்லோரும் நடந்தோம். போக ஒரு மணி நேரம். சுடலை பாதி வழியில், "இந்நேரம் அது போயிருக்கும் டீச்சர்" என்றான். "போன தடம் இருக்கும்லா" என்றார். ஒரு திருப்பத்தில் இடி விழுந்து கரிந்த மரத்து மூடு, வெறும் அடிமரம், நின்றது. ஆள் உசரம். சுடலை அதைப் பார்த்தபடி நின்றான். அவனைக் கெக்கலி கொட்டப்போன மைதீனை டீச்சர் கையால் தடுத்தார். சீட்டையும் பென்சிலையும் சுடலையிடம் கொடுத்தார். அவன் முழங்காலில் வைத்து எழுதினான். "கரடி என்று ஓடினேன். கரிந்த மரம்."

டீச்சர் அதை இரண்டு தடவை வாசித்தார். அவர் பல் தெரியச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "இது வரி" என்றார். "மதி. வீட்டுக்குப் போங்க."

அதற்குப் பிறகு யாரும் புளுகவில்லை. இன்னொரு தடவை மேனேஜர் வந்திருந்தபோது, "மேனேஜர் வேட்டியில் பின்பக்கம் கிழிசல்" என்று சீட்டு வந்தது. டீச்சர் அதை மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. "கண்டதுதானே?" என்றார். பேச்சி எழுந்து, "ஆமா டீச்சர், இப்பவும் தெரியுது" என்றாள். மேனேஜர் துண்டைப் பின்னால் பிடித்துக்கொண்டு போனார்.

வாக்கியம் சொல்லிக்கொடுக்கவும் ஓர் ஆட்டம் வைத்திருந்தார். கமுகம்பாளையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பால் ஒரு சொல் எழுதுவார். வாழைநாரில் கோத்து எங்கள் கழுத்தில் மாட்டுவார். நாங்கள் ஓடி வரிசையில் நிற்க வேண்டும். மாறி நின்றால் அவர் திருத்தமாட்டார். எதிரே இருக்கும் பிள்ளைகள் வாசித்துப் பார்த்து, தோளைப் பிடித்து நகர்த்த வேண்டும். "ஏட்டி, நீ அங்கன போ. உனக்கு முன்னால அவன் நிக்கணும்." இப்படி இழுபறி நடக்கும். சரியாக நின்றுவிட்டால் வரிசைக்கே தெரியும். இழுபறி அடங்கிவிடும்.

வரிசையின் கடைசியில் முற்றுப்புள்ளி. எழுதத் தெரியாத சின்னப் பிள்ளைக்கு அந்த வேலை. குந்தி, முழங்காலில் தலையைக் கவிழ்த்து, உருண்டையாக உட்கார வேண்டும். அதற்கு என் தம்பி முத்து. ஒன்றாம் வகுப்பு. முற்றுப்புள்ளி வந்து உட்காராமல் வாக்கியம் முடியாது என்று டீச்சர் சொல்லியிருந்ததால் அவனுக்குப் பெரிய கிராக்கி. வேண்டுமென்றே தட்டி ஓரத்தில் நின்று எங்களைக் காக்க வைப்பான்.

"ஏலே முத்து, வாலே. கால் கடுக்கு."

"வருதேன், வருதேன்."

தரையில் மூன்று கட்டம் போட்டு ஒரு விளையாட்டும் உண்டு. நேற்று, இன்று, நாளை. டீச்சர் ஒரு சொல் சொல்வார். அது நடந்ததா, நடக்கிறதா, நடக்கப்போகிறதா என்று பார்த்து அந்தக் கட்டத்தில் குதிக்க வேண்டும். முத்து எந்தச் சொல்லுக்கும் நாளையில் போய் நிற்பான். அங்கேதான் நிழல்.

ஐப்பசியில் அவனுக்கு மலைக்காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள். பத்தாம் நாள் இல்லை.

பதினாறு கழித்து நான் பள்ளிக்கூடம் போனேன். மத்தியானம் சீட்டு கொடுத்தார். "தம்பி பாய் சுருட்டி மூலையில் இருக்கிறது" என்று எழுதிப் போட்டேன். அந்த வாரம் வாசித்தது செண்பகம். வாசித்து முடித்ததும் ஒருவரும் என் பேரைச் சொல்லவில்லை. டீச்சர் டப்பாவை மூடினார். "மதி" என்றார். அன்று பள்ளிக்கூடம் அதோடு விட்டது.

அடுத்த நாள் வாக்கிய ஆட்டத்தில் கடைசி இடத்துக்கு யாரையும் வைக்கவில்லை. சிற்றாற்றிலிருந்து ஓர் உருண்டைக் கல் கொண்டுவந்து வைத்தார். பிறகு எப்போதும் அந்தக் கல்தான்.

இவ்வளவும் நான் அவரை மதித்த கதை. மற்றதும் சொல்ல வேண்டும்.

வருகைப் பதிவேடு மேனேஜர் மேஜையில் இருக்கும். காலையில் எடுத்து வந்து டீச்சரிடம் கொடுப்பதும் சாயங்காலம் திருப்பி வைப்பதும் என் வேலை. வந்தவருக்குக் கோடு, வராதவருக்குச் சுழி. மாசி மாதம் ஒருநாள் வரும் வழியில் அதைத் திறந்து பார்த்தேன். அப்போது எனக்குப் பேர்கள் நன்றாக வாசிக்க வந்துவிட்டது. எங்கள் பேர்கள் இருந்தன. நாங்கள் பார்த்தே இராத பேர்களும் இருந்தன. திருநெல்வேலியில் இருக்கும் மேனேஜரின் பேரப்பிள்ளைகள் பேர்கூட இருந்தது. எல்லோருக்கும் கோடு. கடைசியில் முத்து. ஐப்பசியில் கோடு. கார்த்திகையில் கோடு. மார்கழி, தை, மாசி, முந்தின நாள் வரைக்கும் கோடு.

டீச்சர் கையெழுத்து. சந்தேகமே இல்லை. அவர் கோடு மேலே கொஞ்சம் வளையும்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். திறந்து கொடுத்தேன்.

"டீச்சர், முத்துக்கு கோடு போட்டிருக்கு."

அவர் பக்கத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"கண்டியா?"

"கண்டேன்."

"சீட்டுல எழுதலியே."

"எழுதலை."

"ஏன்?"

"பள்ளிக்கூடத்த மூடிருவாவன்னு அப்பா சொல்லுதாவ. மூடினா தோட்டத்துக்குப் போகணும்."

டீச்சர் பேனாவை மையில் தொட்டார். பேர்களுக்கு நேரே கோடு போட்டுக்கொண்டே வந்தார். முத்து பேருக்கு வந்ததும் பேனா நின்றது. அதற்கும் கோடு போட்டார். பிறகு மை ஒற்றும் தாளால் ஒற்றினார். அதில் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் நான்காய் மடித்த சீட்டில் இருந்தது இதுதான்: "என் விரலில் மை."

அன்றையிலிருந்து எங்களுக்குள் பேச்சு குறைந்தது. என்னிடம் மட்டும் "கண்டியா" என்று அவர் கேட்பதில்லை. நான் பதிவேட்டைக் கொண்டுபோய் வைப்பேன், அவர் கோடு போடுவார். ஆனியில் புதுப் பதிவேடு வந்தது. பார்த்தேன். முத்து இரண்டாம் வகுப்புக்குத் தேறியிருந்தான்.

மேனேஜரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அந்தப் பக்கத்தில் எங்கள் மாதிரிப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளிக்கூடம் கிடையாது. தலை குறைந்தால் சர்க்கார் அங்கீகாரம் போய்விடும். அதனால் தலையைக் கூட்டினார். டீச்சரிடம் அவர் பேசினதை நான் தட்டிக்கு வெளியே நின்று கேட்டேன்.

"இருபத்தாறு தலை எழுதியிருக்கு டீச்சர். இன்ஸ்பெக்டர் வாற அன்னைக்கு இருபத்தாறு தலை உக்காரும். அது என் பொறுப்பு. நீங்க பேரைச் சொல்லிக் குடுத்தாப் போதும்."

"பிள்ளைங்களுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

"என்னத்துக்கு சொல்லணும்? சின்னஞ்சிறுசுக. என்னத்தக் கண்டுச்சு."

டீச்சர் நாற்காலியைப் பின்னால் தள்ளுகிற சத்தம் கேட்டது.

"கையெழுத்து ஒங்களுதுதான், ஞாபகம் இருக்கட்டும். வெளிய வந்தா ஒங்க சர்ட்டிபிகேட்தான் மொதல்ல போகும். பெறகு எந்தப் பள்ளிக்கூடத்துலயும் கால் வைக்க முடியாது. ஒங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். நான் நிற்பதைப் பார்த்தார். குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

இன்ஸ்பெக்டர்கள் எங்கள் பக்கத்துக்கு ஆடியில்தான் வருவார்கள். அருவி விழுகிற காலம். மேனேஜருக்கு அது தெரியும். வருஷா வருஷம் ஒரே ஏற்பாடு. காலையில் எண்ணெய் தேய்த்துவிட ஆள், பெரிய அருவியில் குளியல், வாழையிலைச் சாப்பாடு, அதன் பிறகு பள்ளிக்கூடம். வருகிறவர் கண் சொருகிப்போய் வருவார். பேரைக் கூப்பிட்டு, ஒரு பாட்டுக் கேட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

அந்த வருஷம் இரவெல்லாம் மலையில் மழை. காலையில் அருவி செம்மண் நிறத்தில் விழுந்தது. மரக்கிளைகள் வந்தன. யாரையும் கிட்டே விடவில்லை. புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் குளிக்காமல், சாப்பிடாமல், முழு விழிப்போடு ஒன்பதரை மணிக்கே வண்டியில் வந்து இறங்கினார்.

அதற்கு முன்பே மேனேஜரின் மர வண்டியில் பிள்ளைகள் வந்து இறங்கியிருந்தார்கள். ஆற்றுக்கு அக்கரையில் குடிசை போட்டிருந்த மரம் வெட்டுகிறவர்களின் பிள்ளைகள். சீசனுக்கு வண்டி கொண்டுவந்தவர்களின் பிள்ளைகள். எல்லோருக்கும் ஒரு மடி பொரிகடலை. நல்ல சட்டை இல்லை என்று கணக்குப்பிள்ளை வெளுக்கப் போட்ட உருப்படிகளை வாங்கி வந்து மாட்டியிருந்தார். யார் யார் சட்டையோ.

சுடலை ஒரு பையனைச் சுற்றி வந்து பார்த்தான்.

"ஏலே, ஒன் சட்டைக்குள்ள இன்னும் ரெண்டு பேரு இருக்கலாம்லே."

அந்தப் பையன் பொரியை மென்றுகொண்டே, "வாரியா?" என்றான்.

எங்களுக்குச் சிரிப்பு வந்தது. டீச்சர் வந்தார். தோள் நனைந்திருந்தது. புதுப் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தார். எங்களையும் பார்த்தார். ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. இன்று இதைச் சொல்லாதே, அதை எழுதாதே என்று ஒரு சொல் இல்லை.

பேர் கூப்பிடுவதை இன்ஸ்பெக்டரே செய்தார். கணக்குப்பிள்ளை அவர் முதுகுக்குப் பின்னால் நின்றார். ஒவ்வொரு பேருக்கும் எந்தப் பையன் பதில் சொல்ல வேண்டுமோ அவனைப் பார்த்துக் காதைச் சொறிந்தார். முதலில் நன்றாகத்தான் போயிற்று.

"முத்து."

"உள்ளேன் ஐயா." பெரிய சட்டைப் பையன்.

"உள்ளேன் ஐயா." அவனுக்கு அடுத்திருந்தவனும் சொன்னான். கணக்குப்பிள்ளைக்கு நிஜமாகவே காது அரித்திருக்கிறது.

இன்ஸ்பெக்டர் தலையைத் தூக்கினார். "ரெண்டு முத்துவா?"

"ஒண்ணு பெரிய முத்து, ஒண்ணு சின்ன முத்து ஐயா" என்றார் மேனேஜர்.

"இங்கே ஒன்றுதானே இருக்கிறது."

"சின்ன முத்து போன வாரந்தான் சேந்தான். எழுதணும்."

நான் தலையைத் திருப்பவில்லை. எதிரே இருந்த தட்டியில் எத்தனை ஓலை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் வாள் ஓடிக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் மூலையில் கிடந்த பாளைத் துண்டுகளைப் பார்த்து என்ன என்று கேட்டார். டீச்சர் சொன்னார். இன்ஸ்பெக்டர் ஆடிக் காட்டச் சொன்னார். "அருவியில் இன்று வெள்ளம் வருகிறது" என்று அவரே ஒரு வாக்கியம் கொடுத்தார். டீச்சர் எழுதி மாட்டினார். அக்கரைப் பிள்ளைகள் கழுத்திலும் இரண்டு மாட்ட வேண்டி வந்தது. அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது. எங்கள் பிள்ளைகள் தோளைப் பிடித்து நகர்த்தினார்கள். ஆட்டமே அப்படித்தான் என்பதால் வித்தியாசம் தெரியவில்லை.

"கடைசியில் முற்றுப்புள்ளி வேண்டாமா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

டீச்சர் கல்லை எடுக்கக் குனிந்தார். அதற்குள் மேனேஜர், "ஏலே முத்து, போய்ப் புள்ளி மாதிரி உக்காருலே" என்றார். பெரிய சட்டைப் பையன் போனான். குந்தி, சட்டையை இழுத்துக் காலை மூடி, முழங்காலில் தலையைக் கவிழ்த்தான். அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. புள்ளி மாதிரி உட்காரு என்றால் வேறு எப்படி உட்காருவது.

இன்ஸ்பெக்டர் கைதட்டினார். டீச்சர் கையில் கல் இருந்தது. அதை மெதுவாக ஜன்னல் திண்டில் வைத்தார்.

"நல்ல முறை. அப்ப பொறப்படலாமா ஐயா?" என்றார் மேனேஜர். "இலை போட்டிருக்கு."

"மழை கொஞ்சம் விடட்டும். அது என்ன டப்பா?"

மைதீன்தான் எழுந்தான். அவனுக்குக் கேள்வி கேட்டால் பதில் சொல்லிவிட வேண்டும். "கண்ட வரி டப்பா ஐயா. இன்னைக்குக் கண்டத எழுதிப் போடணும். பெறகு வாசிப்போம்."

"போடுங்களேன். பார்ப்போம்."

மேனேஜர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் சீட்டுகளை எண்ணி எடுத்தார். எங்களுக்குக் கொடுத்தார். அக்கரைப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார். வழக்கம்போலச் சொன்னார்.

"கண்டத மட்டும். கேட்டது வேண்டாம். நினைச்சது வேண்டாம்."

நான் பென்சிலைப் பிடித்தேன். என் தம்பி பேருக்கு ஒருவன் பதில் சொன்னதைக் கண்டேன். அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒருவன் உட்கார்ந்ததைக் கண்டேன். அன்று நான் கண்டது அது ஒன்றுதான். அதை எழுதினால் பள்ளிக்கூடம் இல்லை. அப்பா வேலை பார்ப்பதும் மேனேஜரிடம்தான். "மழை பெய்கிறது" என்று எழுதினேன். மடித்துப் போட்டேன்.

டீச்சரும் மேஜையில் உட்கார்ந்து எழுதினார். நான்காய் மடித்தார். போட்டார்.

அந்த வாரம் வாசிக்கும் முறை எனக்கு. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஐயா செருப்பில் சேறு."

"சுடலை" என்று எல்லோரும் கத்தினார்கள். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உத்திரத்தில் பல்லி இரண்டு." மாரி. "ஓட்டில் ஒழுகுகிறது." செண்பகம். "டவாலி தூங்குகிறார்." பேச்சி. சேவகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டருக்குச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

எங்களில் ஒருவரும் அதை எழுதவில்லை. யாரும் யாருடனும் பேசிக்கொள்ளவில்லை. எல்லோரும் பல்லியையும் சேற்றையும் மழையையும் கண்டிருந்தோம்.

பிறகு ஒரு வெறுஞ் சீட்டு வந்தது. காட்டினேன்.

"சின்னப் பிள்ளையா இருக்கும் ஐயா" என்றார் மேனேஜர்.

அடுத்ததும் வெறுஞ் சீட்டு. அடுத்ததில் ஒரு மாடு வரைந்திருந்தது. கொம்பு நன்றாக இருந்தது. அடுத்தது வெறுஞ் சீட்டு. இன்ஸ்பெக்டர் சிரிப்பதை நிறுத்தினார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "ம், எடு" என்றார்.

"மழை பெய்கிறது."

யாரும் பேர் சொல்லவில்லை. டீச்சர் என்னைப் பார்த்தார். மாசிக்குப் பிறகு அவர் என் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான். அதில் பொய் இல்லை. மழை பெய்துகொண்டுதான் இருந்தது.

வெறுஞ் சீட்டுகளை ஓரமாக அடுக்கினேன். டப்பாவில் கடைசியாக ஒன்று கிடந்தது. நான்காய் மடித்தது.

பிரித்தேன். மனசுக்குள் வாசித்தேன்.

சீட்டு என் கையில் இருந்தது. இன்ஸ்பெக்டர் நான்கு முழம் தள்ளி இருந்தார். அங்கிருந்து அவர் கண்ணுக்கு எழுத்துத் தெரியாது. நான் பல்லி என்று சொல்லியிருக்கலாம். ஒழுகுகிறது என்று சொல்லியிருக்கலாம். வாயில் போட்டு மென்றிருக்கலாம். மேனேஜர் என் முகத்தையே பார்த்தார். எதுவோ இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தலையை இடமும் வலமும் லேசாக ஆட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம் வாள் ஓடியது.

டீச்சர் குடையை எடுத்துக் கையில் வைத்திருந்தார். கெஞ்சவில்லை. அதட்டவில்லை. வேறு யார் சீட்டு என்றாலும் எப்படிச் சொல்வாரோ அப்படித்தான் சொன்னார்.

"கண்டத வாசிட்டி."

எழுந்து நின்றேன். வாசிக்கும்போது எழுந்து நிற்க வேண்டியதில்லை. அன்று நின்றேன்.

"இன்று இங்கே இருக்கும் என் வகுப்புப் பிள்ளைகள் பதினொன்று. மற்றக் கோடுகள் நான் போட்டவை."

யாருடைய வரி என்று கண்டுபிடிக்க யாரும் வாய் திறக்கவில்லை. பெரிய சட்டைப் பையன் பொரி மெல்லுவதை நிறுத்தியிருந்தான். இன்ஸ்பெக்டர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, முத்து பேர் மேல் விரலை வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எத்தனை?"

சீட்டைப் பார்க்காமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். சுடலை, செண்பகம், மைதீன், பாத்து, குத்தாலம், பேச்சி, ராமன், லட்சுமணன், மாரி, ஆவுடை. என்னையும் சேர்த்தேன்.

பதினொன்று.